ஆய்வுகூடத் தண்ணிக்குப் பாதரச யூவி குமிழ் இன்னும் தேவையோ?

உப்புவெளி:
எங்கட ஆய்வுகூடத்துக்குப் புது நீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்க விலை கேட்கப் போறம். தண்ணியைச் சுத்தமாக்கிற யூவி (புறஊதா) வெளிச்சத்துக்குப் பாதரசம் இல்லாத யூவி எல்.ஈ.டி.தான் வேணும் எண்டு நான் நிக்கிறன். எரிஞ்சு முடிஞ்ச பாதரசக் குமிழெல்லாம் ஸ்டோரில பெட்டிக்குள்ள கிடக்குது. எங்க குடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. உடைஞ்சால் ஆவியைச் சுவாசிக்கிறது நாங்கள். வடிகாலால போனால் கொட்டியாரக்குடா, பிறகு மீன், பிறகு எங்கட பிள்ளையளின்ர சாப்பாடு. பாதரசப் பாவனையைக் குறைக்கிற மினமாட்டா ஒப்பந்தத்தை 2017இலயே இலங்கை ஏற்றிட்டுதெல்லோ?

உவர்மலை:
அண்ணை, மினமாட்டாவில திகதி குறிச்சு நிப்பாட்டுறது வெளிச்சத்துக்குப் போடுற புளோரசன்ட் குமிழ்களை. தண்ணிக்குப் போடுற யூவி குமிழ் அந்தப் பட்டியலில இல்லை.

பாதரசக் குமிழ் ரெண்டு அலைநீளம் தரும். 254 நனோமீற்றர் கிருமியின்ர டி.என்.ஏ.யைச் சிதைக்கும். 185 தண்ணி மூலக்கூறையே உடைச்சு, மற்றப் பொருளோட உடன தாக்கம் புரியிற ஐதரொட்சில் மூலிகம் உண்டாக்கும். கரைஞ்சிருக்கிற சேதனப் பொருளை ஒட்சியேற்றுறது அதுதான். சந்தையில வாற எல்.ஈ.டி. 265, 280 பக்கம் நிக்குது. கிருமி சாகும், சேதனக் காபன் அப்பிடியே இருக்கும். எங்களுக்கு வாறது கந்தளாய்க் குளத்துத் தண்ணி. இலை, பாசி எல்லாம் ஊறினது. மின்தடை பாக்கிற மீற்றர் சுத்தத் தண்ணிக்குரிய 18.2 மெகாஓம் காட்டினாலும் நம்பேலாது, அயனாகாத சேதனப் பொருள் அதில தெரியாது. மாதிரியில கலந்திருக்கிற பொருளுகளைப் பிரிச்சு வரைபில சிகரமாக் காட்டுற எச்.பி.எல்.சி. கருவியில ஓட்டேக்கதான் இல்லாத சிகரமெல்லாம் எழும்பும்.

சாம்பல்தீவு:
செனன் எக்சைமர் குமிழை ரெண்டுபேரும் மறந்திட்டியள். 172 நனோமீற்றர், பாதரசமே இல்லை, மூலிகமும் உண்டாக்கும்.

உவர்மலை:
உண்மை. ஆனா 172ஐத் தண்ணி ஒரு மில்லிமீற்றருக்குள்ளயே உறிஞ்சிடும். குமிழோட ஒட்டிப் போற தண்ணிக்குத்தான் வேலை நடக்கும், நல்லாக் கலக்கிற அமைப்பு வேணும்.

உப்புவெளி:
தம்பி, நாளைக்கு எத்தினை பேர் எச்.பி.எல்.சி. ஓட்டுறியள்? மிச்சத் தண்ணியெல்லாம் நுண்ணுயிர் வளர்க்கிற வளர்ப்பூடகம் செய்யவும் கண்ணாடிச் சாமான் அலசவும்தான் போகுது. அதுக்குக் கிருமி இல்லாட்டிக் காணும். எல்.ஈ.டி. தண்ணி எடுக்கேக்க மட்டும் எரியும், சூடேறும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தாலும் அந்த நிமிசமே வேலை செய்யும். ஒரு கருவிக்காக முழு ஆய்வுகூடத்துக்கும் ஏன் பாதரசம்?

உவர்மலை:
அந்த ஒரு கருவியிலதான் உணவு மாதிரியளின்ர முடிவு எழுதிக் குடுக்கிறம். பிழையாப் போனால் ஆர் பொறுப்பு? விலைமனுவில குமிழின்ர பேரைப் போடாதேங்கோ. சேதனக் காபன் 5 பி.பி.பி.க்கு (நூறு கோடியில ஐஞ்சு பங்குக்கு) கீழ எண்டு போடுங்கோ. பாதரசம் இல்லாமல் அதைத் தாறவை வந்தால் நான் மறுக்க மாட்டன்.

உப்புவெளி:
5 பி.பி.பி. எச்.பி.எல்.சி. குழாய்க்கு மட்டும் எண்டு எழுதுறன். மற்றதுக்கு எல்.ஈ.டி. எண்டு எழுதுறன். மெஷின் விக்கிறவை பழைய குமிழைத் திருப்பி எடுக்கோணும் எண்டும் போடுறன்; அதுக்குச் சம்மதியாதவையின்ர விலையை நான் பாக்கவே மாட்டன்.