கேம்பாய் வீடியோ அவுட்: எழுத்து வரி வரியா விலகுது, ஆடியோல கீச்சு சத்தம். அவசரம்!

நாலுசேனல்:
கேம்பாயிலிருந்து (நின்டெண்டோவோட பழைய கையடக்க விளையாட்டுக் கருவி) பிகோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வழியா டிவிக்கு எச்டிஎம்ஐ எடுத்திருக்கேன். படம் வருது, ஆனா சில வரிகள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து நடுங்குது. எல்எஸ்டிஜே (கேம்பாயில இசை அமைக்கிற மென்பொருள்) திரையில எண்களைப் படிக்கவே முடியல. டிவி கேபிள் செருகினதும் மிக்ஸர்ல கீச்சுன்னு ஒரு சத்தம், கூடவே உறுமல். சால்டர் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன். சனிக்கிழமை வாசிக்கணும், யாராவது சொல்லுங்க.

அலைமேடு:
எந்த கேம்பாய்? பழைய டிஎம்ஜி-01ஆ, பாக்கெட்டா, கலரா? கேம்பாயோட 5 வோல்ட் சிக்னலை பிகோவோட 3.3 வோல்ட்டுக்கு எப்படி இறக்கினீங்க? ஆடியோ ஹெட்ஃபோன் துளையிலிருந்தா, வால்யூம் சக்கரத்துக்கு முன்னாலிருந்தா? மின்சாரம் எங்கிருந்து? இதெல்லாம் தெரியாம யாராலும் சொல்ல முடியாது.

ஈயப்புகை:
கேம்பாய் திரைக்குப் போற ரிப்பன் கேபிள்தான் காரணம், 21 கம்பியில ஒண்ணு விட்டிருக்கும். மறுபடி சூடு காட்டுங்க.

கடிகாரத்துடிப்பு:
ரிப்பன் விட்டா கேம்பாயோட சொந்தத் திரையிலயும் கோடு விழும். அது சரியா இருக்கா? இன்னொண்ணு: விலகுற வரி இடப்பக்கம் போகுதா, வலப்பக்கம் போகுதா? இடப்பக்கம்னா பிக்சல் கடிகாரத்துல (பிக்சலுக்கு ஒண்ணா வர்ற துடிப்பு சிக்னல்) ஒரு துடிப்பைப் பிகோ தவறவிடுது, அதுக்கப்புறம் வர்ற பிக்சல் எல்லாம் ஒரு இடம் முன்னாடி வந்துடும். வலப்பக்கம்னா ஒரே துடிப்பை ரெண்டா எண்ணுது. ரெண்டுக்கும் மருந்து வேற.

மூத்தபயனர்:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்தாச்சு. ஆஸிலோஸ்கோப் (சிக்னலோட அலையைக் காட்டுற கருவி) இல்லாம வீடியோ சிக்னல்ல கை வைக்கிறது தப்பு. முதல்ல விஎஸ்ஒய்என்சி (ஒவ்வொரு பிரேமுக்கும் வர்ற துடிப்பு) 59.73 ஹெர்ட்ஸ், எச்எஸ்ஒய்என்சி (ஒவ்வொரு வரிக்கும் வர்ற துடிப்பு) 9198 ஹெர்ட்ஸ் வருதான்னு அளந்துட்டு வாங்க. கேம்பாயோட கடிகார வேகம் 4.194304 மெகாஹெர்ட்ஸை 456 ஆல் வகுத்தா வரி வேகம், அதை 154 ஆல் வகுத்தா பிரேம் வேகம். இந்த அடிப்படை தெரியாம அவசரம்னு எழுதினா பயனில்லை.

நாலுசேனல்:
டிஎம்ஜி-01. கேம்பாய் திரை சரியா இருக்கு. இடப்பக்கம்தான் போகுது. நாலு சேனல் லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜ் இறக்குற) போர்டு ரெண்டு போட்டேன், சின்ன மூணு கால் டிரான்சிஸ்டர் இருக்கிறது. ஆடியோ சக்கரத்துக்கு முன்னால. ஸ்கோப் இல்ல.

கடிகாரத்துடிப்பு:
ஆச்சு, அதுதான். அந்த போர்டுல இருக்கிறது பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட், பக்கத்துக்கு ஒரு 10 கிலோ-ஓம். ஐ2சி (சிப்புகள் பேசிக்கிற இரண்டு கம்பி முறை) மாதிரி மெதுவான சிக்னலுக்கு நல்லது. கேம்பாய் பக்கம் 5 வோல்ட் ஏறும்போது மாஸ்ஃபெட் வழியா பிகோ பக்கம் 2 வோல்ட் அருகே வரைக்கும்தான் வேகமா ஏறும். மிச்சத்தை 10 கிலோ-ஓம்தான் இழுத்து ஏத்தணும், அது ரொம்ப மெதுவு. பிகோ 'ஒன்று'ன்னு உறுதியா எடுத்துக்க 2.0 வோல்ட் வேணும். கடிகாரத்தோட முழுச் சுற்றே 238 நானோசெகண்ட். அதனால எல்லைக்கோட்டுல நின்னு ஒரு துடிப்பை எடுக்கும், ஒண்ணை விட்டுடும். அடுத்த வரிக்கு எச்எஸ்ஒய்என்சி வந்து எண்ணிக்கையைத் திரும்ப ஆரம்பிக்கிறதாலதான் சில வரி மட்டும் கெடுது.

74எல்விசி245 (எட்டு கம்பி பஃபர் சிப்) ஒண்ணு வாங்குங்க. மின்சாரம் பிகோவோட 3.3 வோல்ட், ஓஇ காலை (வெளியீட்டை இயக்குறது) கிரவுண்டுக்கு, டிஐஆர் காலை (திசையைத் தீர்மானிக்கிறது) 3.3க்கு. கேம்பாய் சிக்னல் ஐந்தும் ஏ பக்கம்: டேட்டா ரெண்டு, பிக்சல் கடிகாரம், எச்எஸ்ஒய்என்சி, விஎஸ்ஒய்என்சி. மிச்சம் மூணு ஏ காலையும் கிரவுண்டுல கட்டுங்க, தொங்கவிடாதீங்க. சிப்போட மின் காலுக்கு ஒட்டியே 100 நானோஃபாரட். ஏ பக்கம் 5 வோல்ட் தாங்கும்.

ஈயப்புகை:
சிப் எதுக்கு? 1 கிலோ-ஓம், 2 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ரெண்டு போட்டா 3.33 வோல்ட் வந்துடுமே.

கடிகாரத்துடிப்பு:
வேகத்துக்குப் பிரச்சினை இல்ல. ஆனா ஒவ்வொரு கம்பியும் 1.7 மில்லிஆம்பியர் இழுக்கும். கேம்பாய் ஓடும்போது பிகோவுக்கு மின்சாரம் இல்லைன்னா அந்த மின்னோட்டம் பிகோவோட உள்ளே இருக்கிற டயோடு வழியாப் போகும். மேடையில எதை முதல்ல ஆன் பண்ணுவோம்னு யாருக்குத் தெரியும்? 245 போட்டா அந்தக் கவலை இல்ல.

பிட்சிப்பி:
பிகோவிலேயே 4.19 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் உருவாக்கி டேட்டாவை மட்டும் படிச்சா துடிப்பு தவறவே தவறாதே?

அலைமேடு:
கேம்பாயோட பிக்சல் கடிகாரம் சீரா ஓடாது. ஸ்பிரைட் (திரையில நகர்ற சின்னப் படம்) வந்தாலும் பக்கவாட்டு ஸ்க்ரோல் இருந்தாலும் நடுவுல நிக்கும். அதன் துடிப்பையேதான் எண்ணணும், இறங்குமுகத்துல டேட்டாவை எடுக்கணும்.

மூத்தபயனர்:
இவ்வளவு பாடு எதுக்கு? சூப்பர் கேம்பாய்ல (எஸ்என்இஎஸ்ங்கிற நின்டெண்டோ டிவி கன்சோல்ல செருகுற அடாப்டர்) கார்ட்ரிட்ஜைச் செருகினா டிவியில படம் வந்துடும். வேலை முடிஞ்சது.

அலைமேடு:
வாசிக்கிறவருக்கு அதைச் சொல்லாதீங்க. என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை) சூப்பர் கேம்பாய் தன் கடிகாரத்தை எஸ்என்இஎஸ்லிருந்து எடுத்துக்குது, 21.477 மெகாஹெர்ட்ஸை 5 ஆல் வகுத்து. 2.4 சதவீதம் வேகம் கூடும். சுருதி 41 சென்ட் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) ஏறும், 120 டெம்போ 122.9 ஆகும். கூட ஒரு கீபோர்டு வாசிச்சா கேட்கவே முடியாது.

மூத்தபயனர்:
சூப்பர் கேம்பாய் 2ல தனிக் கிரிஸ்டல் இருக்கு, வேற கருவியோட இணைக்கிற லிங்க் துளையும் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

அலைமேடு:
இருக்கு. ஆனா முதல் பதிவுல நீங்க 2ன்னு சொல்லல. சத்தமும் எஸ்என்இஎஸ் வழியாத்தான் வெளிய வரும், டிஎம்ஜியோட அடிநாதத்துக்காக இத்தனை பேர் பழைய பெட்டியைத் திறக்கிறதுக்கு அதுல பதில் இல்ல.

பிட்சிப்பி:
அடிநாதம் டிஎம்ஜில கனமா இருக்கு, ஆனா இரைச்சலும் கூட. கலர் கேம்பாய் அமைதி.

அலைமேடு:
அதுக்கு வேற இழை போடுவோம். இவருக்குக் கீச்சு இன்னும் தீரல.

கீச்சும் உறுமலும் வேற வேற. கீச்சு அந்த 9198 ஹெர்ட்ஸ் வரி வேகம்தான். ஆடியோ கம்பி வீடியோ கம்பிகளோட ஒட்டி ஓடினா ஏறும். பெட்டியோட எதிர்ப்பக்கமா, ஷீல்டு கம்பியில கொண்டு போங்க, ஷீல்டை ஒரு முனையில மட்டும் கட்டுங்க. ஆடியோ கிரவுண்டை வால்யூம் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே எடுங்க, பிகோ கிரவுண்டிலிருந்து எடுக்காதீங்க.

உறுமல் கிரவுண்ட் வளையம், அதாவது கிரவுண்ட் கம்பிகள் ஒரு சுற்றா இணைஞ்சு போறது.

ஈயப்புகை:
பிகோவை பவர்பேங்க்ல ஓட்டுங்க, வளையம் அறுந்துடும்.

அலைமேடு:
அறுகாது. எச்டிஎம்ஐ கேபிளிலேயே கிரவுண்ட் இருக்கு: கேம்பாய், பிகோ, டிவி, சுவர், மிக்ஸர், திரும்ப கேம்பாய். வெட்ட வேண்டிய இடம் ஆடியோ. இடது வலதுக்கு ஒவ்வொண்ணா 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், அல்லது கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவுல வைக்கிற பெட்டி). டிவி கேபிளைப் பிடுங்கினதும் உறுமல் நின்னா இது உறுதி.

நாலுசேனல்:
பிடுங்கினா நிக்குது. 245 கிடைச்சுது, போட்டுட்டேன். எழுத்து நேரா நிக்குது. டிஐ பாக்ஸ் நாளைக்கு. நன்றி எல்லாருக்கும். இப்ப ஒரு மெல்லிய கிழிசல் கோடு மட்டும் மெதுவா நகருது.

கடிகாரத்துடிப்பு:
மேலிருந்து கீழ வர சுமார் 3.7 செகண்ட் ஆகுதா? அப்ப அது கம்பிப் பிரச்சினை இல்ல. கேம்பாய் 59.73, உங்க வெளியீடு 60, அந்த வித்தியாசம். மென்பொருள்ல ரெண்டு பிரேம் பஃபர் (ஒரு முழுப் படத்தை வைக்கிற நினைவகம்) வெச்சு, முழுசா எழுதி முடிஞ்சதை மட்டும் காட்டச் சொல்லுங்க. ஒரு பிரேம் ரெண்டு தடவை வரும், கண்ணுக்குத் தெரியாது. பிகோவுல எந்த ஃபர்ம்வேர் (அதுல ஓடுற மென்பொருள்) ஏத்தியிருக்கீங்க?

பிட்சிப்பி:
எனக்கும் அதே கோடு வருது. ஃபர்ம்வேர் பேர் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும், நாலுசேனல்?