வாளியைச் சுமந்தபோது கனத்தது

இயற்பியல் பாடத்தை நேரில் உணர்ந்த அனுபவம் என்றதும், எல்லோரும் லிஃப்ட் மேலே கிளம்பும்போது எடை கூடியதுபோல் தோன்றிய கதையைச் சொல்கிறீர்கள். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம்; அங்கே லிஃப்டுக்கு எங்கே போக? என் கதை வாளிக் கதை.

தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவருவோம். 20 லிட்டர் வாளி. அதன் பிடியில் கயிற்றைக் கோத்து, ஒரு முனையை நானும் மறுமுனையை அக்காளும் பிடித்து நடப்போம். காலில் தண்ணீர் தெறிக்கிறதென்று நான் விலகி விலகிப் போவேன். பின்னால் வரும் அப்பத்தா, "ஒட்டி நடடா, விலகினால் கனக்கும்" என்று அதட்டுவார். அதே தண்ணீர்தானே, எப்படிக் கனக்கும் என்று எதிர்த்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பதினோராம் வகுப்பில் வெக்டர் பாடம் வந்தது; விசையைப் போல அளவோடு திசையும் உள்ளவைதான் வெக்டர். ஆசிரியர் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டு, இரண்டு விசைகளைக் கூட்டும் இணைகர விதியை எழுதி, "தேர்வுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து வாளியைக் கணக்குப் போட்டேன். 20 லிட்டர் தண்ணீரின் நிறை 20 கிலோ, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கினால் எடை 196 நியூட்டன் (விசையின் அலகு). வாளியின் கனத்தை விட்டுவிடுவோம். ஒட்டி நடந்து கயிறு செங்குத்தாக நின்றால் ஆளுக்கு 98. கயிற்றின் இரு பக்கமும் 120 பாகைக்கு விரிந்தால் ஆளுக்கு 196! இரண்டு பேர் பிடித்தும், ஒவ்வொருவரும் தனியே சுமக்கும் பாடு. நான் அக்காளை இழுக்க, அக்காள் என்னை இழுக்க, பக்கவாட்டு விசை ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. கொடிக்கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் தொய்வதும் இதே கணக்குத்தான். கயிறு துளியும் தொய்யாமல் நிற்க எந்த விசையும் போதாது.

அப்பத்தாவிடம் நோட்டைக் காட்டினேன். "இதற்கா இவ்வளவு எழுதினாய்?" என்றார்.

*

வாளிக் கதை எழுதியவருக்கு: எனக்கு இதே பாடம் மதுரை மாசி வீதியில் நடந்தது. சித்திரைத் தேரோட்டத்தில் வடத்தில் கை வைக்க இடமில்லை. ஓரமாகத் தொற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக இழுத்தேன். "முன்னால் பார்த்து இழு தம்பி" என்றார் ஒரு பெரியவர். 60 பாகை விலகி இழுத்தால் முன்னோக்கிப் பாதி விசைதான் சேரும். பக்கவாட்டில் போவது அதைவிட அதிகம். அன்று என் பலத்தால் தேர் நகர்ந்ததைவிடப் பக்கத்தில் நின்றவர்தான் அதிகம் நகர்ந்திருப்பார்.