மறு: டிரிப் லூப்புக்குத் தமிழ்: சொட்டு வளையமா, வடிதொங்கலா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வயரோடு வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டிவிட வயரில் விடும் வளைவுதான் ‘டிரிப் லூப்’. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கடிதங்களை இரண்டு நாளாகப் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். ‘சொட்டு வளையம்’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று கோவை ஐயா எழுதியதும் இருக்க முடியவில்லை. நான் புலவன் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் கோல்ஃப் வண்டிகளுக்கு விளக்கு மாட்டிக் கொடுப்பவன்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது. மழை பெய்தால் முன்விளக்கு அணையும், வெயிலில் காய்ந்தால் எரியும். விளக்கு தண்ணீர் புகாத ஐபி67 ரகம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னால் இருந்த பிளக்கைக் கழற்றினேன், உள்ளே உலோகப் பின்கள் இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன. கூரைத் தூணிலிருந்து இறங்கிய வயர் நேராகப் பிளக்குக்குள் போயிருந்தது. தண்ணீரும் வயரைப் பிடித்துக்கொண்டே கூடப் போயிருக்கிறது. மாட்டியவன் யார் என்கிறீர்களா? நான்தான், மூன்று வருடம் முன்னால்.

புதுப் பின் போட்டு, வயரைப் பிளக்குக்குக் கீழே இரண்டு விரல் தொங்கவிட்டு, மறுபடி மேலே ஏற்றிச் செருகினேன். இப்போது தண்ணீர் அடிவளைவுக்கு வந்து சொட்டிவிடும். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டு விரல் இறக்கத்துக்குத்தான்.

என் பாட்டி கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டியவர். வெட்டிய கோட்டில் இறங்கும் பால் தகரப் பீலியின் நுனிக்கு வந்து மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும். பீலி சரியாகச் சாயவில்லை என்றால் பால் பட்டையோடு ஒட்டி வழிந்து வேரில்தான் போய்ச் சேரும். கித்தா மரம் பார்த்தவனுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டாம்.

‘சொட்டு வளைய’த்தைப் பட்டறையில் சோதித்தும் பார்த்தேன். உதவிக்கு இருக்கும் தம்பியிடம், “சொட்டு வளையம் போட்டுச் செருகுடா” என்றேன். வயரை வளையல் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, பிளக்குக்கு மேலே பட்டி போட்டுக் கட்டிவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது; தண்ணீர் மட்டும் சுற்றிவிட்டு உள்ளேயே போகும். அவன் மேல் தப்பில்லை. வளையம் என்றால் முழு வட்டம்தானே, அது மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? “கீழே தொங்கல் விட்டுச் செருகு” என்றதும் சரியாகச் செய்தான். அதனால்தான் வடிதொங்கல். வடிந்த, வடிகின்ற, வடியும் தொங்கல், வினைத்தொகைக்கும் குறையில்லை.

யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன மறுப்பு நியாயமானது. அவர்கள் பக்கம் ‘கடைசித் தொங்கல்’ என்றால் முனை, கோடி. ஆனால் முன்னால் ‘வடி’ ஒட்டி, பின்னால் ‘விடு’ என்ற வினையும் வந்தால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். வராது என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம் இன்னொன்று. பிளக்குக்குள் பூசும் சிலிகோன் கிரீஸுக்கு ‘மின்காப்புக் களிம்பு’ என்று பட்டியலில் ஏறியிருக்கிறது. ஐயா, நான் சுரண்டி எடுத்த பச்சைக்கும் பெயர் களிம்புதான்! செம்பில் களிம்பு என்று காலங்காலமாகச் சொல்கிறோம். ‘களிம்பு பிடிக்காமல் இருக்கக் களிம்பு பூசுக’ என்று எழுதினால் படிப்பவன் என்ன செய்வான்? ‘மின்காப்பு மசகு’ என்று மாற்றலாம். ‘மின்காப்பு’ அவசியம் இருக்கட்டும். இந்தக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பி அப்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது கடத்தாது, ஈரத்தை அண்ட விடாது, அவ்வளவுதான். உலோகமும் உலோகமும் இறுக்கமாகத் தொடும் இடத்தில் அது விலகிக்கொள்ளும்.

சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் குழாய்க்குச் ‘சுருங்குகுழல்’ என்ற பெயர் அருமை, அதில் பேச ஒன்றுமில்லை. உள்ளே பசை தடவிய வகையைப் ‘பசைச் சுருங்குகுழல்’ என்று தனியாகக் காட்டினால் போதும். பசை இல்லாதது வயரை மூடுமே தவிரத் தண்ணீரை நிறுத்தாது. கறுப்பு டேப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்; நம் ஊர் வெயிலில் பசை உருகி, பிசுபிசுப்பு மட்டும்தான் கையில் மிஞ்சும்.

பட்டியலில் இந்தப் பகுதிக்கு வைத்த ‘மழைகாப்பு’ என்ற தலைப்பும் எனக்குப் பாதிச் சம்மதம்தான். சாயங்கால மழை மேலிருந்து வருகிறது. கிளப்பில் வண்டி கழுவும் பையன் பம்ப் போட்டுக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் அடிக்கிறான். என்னிடம் வரும் வண்டிகளில் பாதி அந்தத் தண்ணீரில் கெட்டவை. ‘நீர்காப்பு’ என்று வைத்தால் இரண்டும் அடங்கும்.

ஈப்போ ஆசிரியர் பட்டியலைத் திருத்தும்போது வடிதொங்கலுக்குப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டும் போட்டுவிடுங்கள்: ‘செருகிக்குக் கீழே இரண்டு விரல் வடிதொங்கல் விடுக, நெளிகுழாயின் பிளவு கீழ்நோக்கி இருக்கட்டும்.’ (செருகி என்றது பிளக்; நெளிகுழாய் என்றது வயரை மூடும், நீளவாக்கில் பிளந்த நெளிவுக் குழாய்.)