பழைய அதியர்ன் மாடல் ரயில் லோகோவில் ஒய்டிஎம்-4 டீசல் சத்தம் வைக்க முடியுமா?

செங்கோட்டை_மீட்டர்கேஜ்
மாமா வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய அதியர்ன் கம்பெனியின் ப்ளூ பாக்ஸ் வரிசை லோகோ ஒன்று இப்போது என் கையில். எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), அமெரிக்க பிஏ-1 டீசல் லோகோவின் பாடி. சாதாரண டிசியில் ஓடுகிறது, கொஞ்சம் கரகரக்கிறது. மோட்டாரை ஓட்டிச் சத்தமும் தரும் சின்ன சர்க்யூட்டான சவுண்ட் டிகோடர் போட்டு, தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசிக்கு மாற்ற ஆசை. ஆனால் அமெரிக்கச் சத்தம் வேண்டாம், நம்ம மீட்டர் கேஜ் டீசல் ஒய்டிஎம்-4 வேண்டும். 2010-இல் செங்கோட்டை-புனலூர் மலைப் பாதையில் மீட்டர் கேஜை நிறுத்தும் வரை பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, உறுமிக்கொண்டே போகுமே, அது. உள்ளே சாக்கெட் எதுவும் இல்லை, மோட்டாரும் போகியும் (சக்கரத் தொகுதி) மேலே ஒரு தகரப் பட்டையும்தான். எதை எங்கே இணைப்பது? டிகோடர் விற்கிற விலைக்கு அதைப் புகைய விட முடியாது.

புனலூர்_பாசஞ்சர்
தம்பி, முதலில் மோட்டாரைக் கழற்றுங்கள். ப்ளூ பாக்ஸில் ஒரு தண்டவாளத்துக் கரண்ட் போகி வழியாக நேரே சேஸிஸுக்கு (உலோக அடிச்சட்டத்துக்கு) வரும், மோட்டாரின் அடிப்பக்க பிரஷ் கிளிப்பில் இருக்கும் இரண்டு நாக்குகள் சேஸிஸைத் தொட்டு அதை வாங்கிக்கொள்ளும். டிசிக்கு அது போதும். டிசிசியில் அப்படியே விட்டால் டிகோடர் போச்சு. அந்த நாக்குகளை வெட்டிவிட்டு, மோட்டார் உட்காரும் இடத்தில் கரண்ட் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டி, பிறகு மல்டிமீட்டரில் பீப் சோதனை: எந்த பிரஷுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பீப் வரவே கூடாது. திருகி மாட்டிய பிறகும் ஒரு தடவை பாருங்கள், ஸ்க்ரூ வழியாகத் தொட்டுக்கொள்வது உண்டு.

டிகோடர் வயர்களில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலமும் வெள்ளையும் முன் விளக்குக்கு, எல்இடி என்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு. முதல் தடவை டிகோடரை செட் செய்வதற்கான புரோகிராமிங் டிராக்கில்தான் வையுங்கள், அங்கே கரண்ட் குறைவு, தப்பு இருந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கொழிஞ்சாம்பாறை_லோகோ
அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அந்த மோட்டாரையே வைத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம். 12 வோல்ட் கொடுத்து, மீட்டரை சீரிஸில் 10 ஆம்பியர் ரேஞ்சில் போட்டு, ஃப்ளைவீலை ஒரு நொடி விரலால் பிடித்து நிறுத்திப் பாருங்கள். எச்ஓ சவுண்ட் டிகோடர்கள் மோட்டாருக்குத் தருவது பொதுவாக 1 முதல் 1.5 ஆம்பியர் வரைதான். அதைத் தாண்டினால் குறைந்த கரண்ட் இழுக்கும் மூடிய கேன் மோட்டாருக்கு மாறிவிடுங்கள். இன்னொன்று, பழைய கியர் போடும் கரகரப்பில் எவ்வளவு நல்ல சவுண்ட் போட்டாலும் காதில் ஏறாது.

புனலூர்_பாசஞ்சர்
பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைத் துடைத்து பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே கரண்ட் குறையும். அதைச் செய்யாமல் மோட்டாரை மாற்றச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை_லோகோ
சரி அண்ணே, துடைத்துவிட்டே அளக்கட்டும்.

சித்தூர்_டீசல்
சத்தத்துக்கு வருவோம். ஒய்டிஎம்-4 அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்ததுதான், ஆனால் ஆல்கோ என்று போட்டிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஃபைலை ஏற்றாதீர்கள். பிஏ-1க்கு என்று தருவது 244 எஞ்சின், அது வேறு. பெரும்பாலும் கிடைக்கும் ஆல்கோ 251 எஞ்சின் சத்தம் 12 அல்லது 16 சிலிண்டர், 16 என்றால் நம்ம பிராட் கேஜ் டபிள்யூடிஎம்-2 மாதிரி இருக்கும். ஒய்டிஎம்-4-இல் இருப்பது வரிசையாக 6 சிலிண்டர் உள்ள 251. அமெரிக்காவில் ஆல்கோ எஸ்-6 ஷன்டருக்கும் 6 சிலிண்டர் 251தான், அந்த ஃபைல் கிடைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சொந்த ரெக்கார்டிங் இருந்தால் லோக்சவுண்ட் டிகோடர் வாங்குங்கள், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் லோக்புரோகிராமர் இருந்தால் வேவ் ஃபைலாக ஏற்றலாம்.

ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் வைத்தால் முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி தின்றுவிடும், கொசு கத்துவது போல் இருக்கும். பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் மூடுங்கள், விளிம்பில் துளி இடைவெளி கூட வேண்டாம்.

செங்கோட்டை_மீட்டர்கேஜ்
நன்றி அண்ணாச்சிகளே. துடைத்து எண்ணெய் விட்டுப் பிடித்துப் பார்த்தேன், 1.1 ஆம்பியர். அப்போ 1.5 ஆம்பியர் தரும் டிகோடர் போட்டால் மோட்டார் தப்பித்தது. ஸ்பீக்கரைப் பின் போகிக்கு மேலே வைக்கலாமா, இல்லை எடைக் கட்டியை அறுத்துத்தான் இடம் எடுக்க வேண்டுமா?

சித்தூர்_டீசல்
எடையில் கை வைக்காதீர்கள், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். போகிக்கு மேலேயே சர்க்கரைக் கட்டி அளவு ஷுகர் கியூப் ஸ்பீக்கர் இரண்டு அடங்கும். டிகோடர் எத்தனை ஓம் கேட்கிறது என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.