டெக்சாஸில் கடனுக்குச் சம்பளத்தைத் தொட மாட்டார்கள் என்றார்களே, கணக்கு எப்படி முடங்கியது?

பிளேனோவாசி:
வேலை போன சமயத்தில் கிரெடிட் கார்டில் 11,000 டாலர் ஏறிவிட்டது. வழக்கு போட்டார்கள். கோர்ட்டிலிருந்து வந்த உறையை என் கணவர் மளிகை ரசீதுகளோடு இழுப்பறையில் போட்டுவிட்டார். நேற்று பாலும் அரிசியும் எடுத்துக் கார்டைத் தேய்த்தால் போகவில்லை. கோர்ட் உத்தரவாம், கணக்கு முடக்கம். சம்பளத்தைப் பிடிக்கத் தடை என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? வீடும் போய்விடுமா? ராத்திரி தூக்கமே இல்லை.

ஹூஸ்டன்தம்பி:
அக்கா, வீட்டுக்குப் பயப்படாதீங்க. குடியிருக்கும் வீட்டை மாநில அரசியல் சாசனமே காக்கிறது. நகரத்துக்குள் 10 ஏக்கர் வரை, விலை எத்தனை லட்சமானாலும் கார்டு கடனுக்காக ஏலம் விட முடியாது. வீட்டுக்கடன் தவணை, சொத்து வரி பாக்கி என்றால் கதை வேறு.

சம்பள விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம். கம்பெனியிடமிருந்து நேராகப் பிடிக்கத்தான் தடை. வங்கியில் விழுந்துவிட்டால் அது சம்பளம் இல்லை, ரொக்கம். ரொக்கத்துக்கு இங்கே காப்பு கிடையாது. 401கே, அதாவது கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்துக்கு உண்டு, அதை உடைத்துக் கடன் கட்டிடாதீங்க.

ஆஸ்டின்37:
இனி வரும் பணத்தை மச்சினர் கணக்குக்கு மாற்றிடுங்க.

ஹூஸ்டன்தம்பி:
வேண்டவே வேண்டாம். கடன்காரரை ஏய்க்கச் செய்ததாக வழக்கு வரும், மச்சினரும் மாட்டுவார். அக்கா, அந்த உறையைத் தேடுங்க. எந்தக் கோர்ட், தீர்ப்பு என்றைக்கு? சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட் என்றால், நாம் போகாமலே வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 14 நாள், மேல்முறையீட்டுக்கு 21 நாள்.

பிளேனோவாசி:
ஜஸ்டிஸ் கோர்ட்தான். தீர்ப்பாகி 2 மாசம் ஆச்சு தம்பி. என் நகையையும் எடுப்பார்களா? அம்மா போட்டது.

டல்லாஸ்சித்தி:
கண்ணு, குடும்பத்துக்கு 1,00,000 டாலர் வரை சாமான்களுக்குக் காப்பு உண்டு. அதில் கால் பங்கு, 25,000 வரை நகைக்கு. தங்க நாணயமும் பிஸ்கட்டும் நகைக் கணக்கில் வராது. கெடு தாண்டிவிட்டதால் நீங்களே எதுவும் எழுதிக் கொடுக்காதீங்க. 'லீகல் எய்ட் ஆஃப் நார்த்வெஸ்ட் டெக்சாஸ்' என்ற சட்ட உதவி அமைப்பு இருக்கு, உங்க பக்கத்தையும் பார்க்கிறார்கள். வருமானம் குறைவென்றால் கட்டணமில்லை. இன்றைக்கே கூப்பிடு.

பிளேனோவாசி:
கூப்பிட்டேன் சித்தி. வழக்கு எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள். உறை கையில் இருந்ததால் சொல்ல முடிந்தது. வியாழக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.