41 வயசுல ஸ்பானிஷ் படிக்கிறேன்: பொலிவியா போகப்போற ஏற்காட்டு நர்ஸ், வழி சொல்லுங்க

காப்பிக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னியர் சபையில இருக்கேன், நர்ஸ். சொந்த ஊர் ஏற்காட்டுல நாகலூர் பக்கம். அப்பா அம்மா காப்பித் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. வர்ற ஜனவரியில என்னைத் தென் அமெரிக்காவுல இருக்கிற பொலிவியாவுக்கு, கோச்சபாம்பாவுல எங்க சபை நடத்துற மருந்தகத்துக்கு அனுப்புறாங்க. முதல் ஆறு மாசம் மொழிப் படிப்பு மட்டும்.

ரெண்டு மாசமா போன்ல ஒரு ஆப் போட்டுப் படிக்கிறேன். எல்லாமே இங்கிலீஷ் வழி. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். தமிழ்ல நினைச்சு, இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போறதுக்குள்ள சொல்ல வந்ததே மறந்துபோகுது. 'மே குஸ்தா'ங்கிற பாடத்துலயே மூணு நாள் நின்னுட்டேன். நோயாளி சொல்றதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மருந்து கொடுத்துட்டா என்ன பண்றதுன்னு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. அங்க இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சாப்பாடு, குளிர் பத்தியும்.

அம்மாபேட்டை அக்கா:
கண்ணு, நான் கோச்சபாம்பாவுல 11 வருஷம் இருந்தவ. இப்ப சேலத்துல எங்க மடத்துலயே ஓய்வா இருக்கேன். போகும்போது எனக்கு 39. உன் பயம் எனக்கும் இருந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல இங்கிலீஷை எடுத்து ஓரமா வை. 'மே குஸ்தா எல் கஃபே'யை இங்கிலீஷ் வழியாப் பார்த்தா தலைகீழாத் தெரியும். தமிழ்ல சொல்லிப் பாரு: எனக்குக் காப்பி பிடிக்கும். 'மே'ன்னா எனக்கு. அவ்வளவுதான். நீ தினமும் கேட்கப்போற கேள்வி 'தோந்தே லே துவேலே'. உங்களுக்கு எங்க வலிக்குது? 'லே'தான் அந்த 'உங்களுக்கு'. நோயாளி 'மே துவேலே லா கபேசா'ம்பாங்க, எனக்குத் தலை வலிக்குது. தமிழ் எப்படி வலியைச் சொல்லுதோ, அப்படியேதான் அதுவும் சொல்லுது.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'பேசறேன்'னாலே 'நான்' தேவையில்லையே, அதே மாதிரி 'ஆப்லோ'ன்னாப் போதும். நீ, நீங்க வித்தியாசமும் உண்டு: தூ, உஸ்தேத். வயசானவங்களுக்கு உஸ்தேத் போடு. 'இருக்கிறது'க்கு ரெண்டு சொல் வச்சிருக்காங்கன்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. 'நான் நர்ஸ்'னு சொல்லும்போது தமிழ்ல 'இருக்கேன்' வராது பாரு, அங்க 'சோய்'. 'வீட்டுல இருக்கேன், களைப்பா இருக்கேன்'னா பெரும்பாலும் 'எஸ்தோய்'. உயரமா இருக்கான், கறுப்பா இருக்கான்னு சொல்ற இடத்துல மட்டும் இது தப்பும், அதைத் தனியா மனப்பாடம் பண்ணு.

நமக்கு நிஜமாவே கஷ்டம் ஆண்பால் பெண்பால். மேசை பெண், புத்தகம் ஆண். 'ஓ'ல முடிஞ்சா ஆண்னு நம்பி இருந்தா, கை, அதாவது 'மானோ', பெண்பாலா நிக்கும். இதுக்குக் குறுக்கு வழி கிடையாது. சொல்லை 'எல்', 'லா' சேர்த்தே மனசுல ஏத்து.

இன்னொண்ணு, நோட்டுல தமிழ் எழுத்துல எழுதாதே. எடைக்கும் முத்தத்துக்கும் நம்ம எழுத்துல ஒரே 'பேசோ'தான், அவங்களுக்கு முதல் எழுத்தே வேற வேற. எடை பார்க்கிற மேசையில உட்கார்ந்து அதைத் தப்பாச் சொல்லக் கூடாது.

மருந்து விஷயம். முதல் வருஷம் பூரா நோயாளி சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, அவங்க தலையாட்டின பிறகுதான் மாத்திரையைக் கையில எடுப்பேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம்னா 'காதா ஓச்சோ ஓராஸ்'. அதை அவங்க வாயால சொல்ல வைப்பேன். ஸ்பானிஷ் மட்டும் போதாது. மலைக்கிராமத்துல இருந்து ஒரு பாட்டி வந்தாங்க, ஆறு மாசப் படிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன கேட்டாலும் 'நனாவான், நனாவான்'னு நெத்தியைத் தொட்டுக் காட்டினாங்க. அது கெச்சுவா, அங்க மலைப்பக்கத்து மக்களோட சொந்த மொழி. அதுல 'எனக்கு வலிக்குது'ன்னு அர்த்தம். வரிசையில நின்ன ஒரு பையன் சொல்லித்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா கெச்சுவா நம்ம தமிழ் மாதிரி ஒட்டு மேல ஒட்டாப் போகுது: வாசின்னா வீடு, வாசீன்னா என் வீடு, வாசீப்பின்னா என் வீட்டுல. எனக்கு ஸ்பானிஷை விட அது சீக்கிரம் ஒட்டுச்சு.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. எங்க பக்கத்து வீட்டு அம்மா வாசல்ல 'பத்தான்'னு ஒரு தட்டையான கல் போட்டிருப்பாங்க. அரைவட்டக் கல்லை ரெண்டு கையாலயும் பிடிச்சு அப்படியும் இப்படியும் சாய்ச்சு அரைப்பாங்க. தக்காளி, லொக்கோத்தோ மிளகாய், கில்கிஞான்னு ஒரு தழை, உப்பு. அதுதான் ல்யாஹ்வா. முதல் தடவை அந்த வாசனையில எங்கம்மா அம்மியில சட்னி அரைக்கிற ஞாபகம் வந்து நின்னுட்டேன். அவங்க ஒண்ணுமே கேட்காம நகர்ந்து எனக்கு இடம் விட்டாங்க. வகுப்புல ஒரு மாசம் படிச்சதை விட அந்தக் கல்லுகிட்ட ஒரு வாரத்துல அதிகம் கத்துக்கிட்டேன். நம்ம குச்சிக்கிழங்கும் அங்க கிடைக்கும், 'யூக்கா'. நம்ம ஜவ்வரிசிக்கு மூலமான அந்தக் கிழங்குக்குப் பூர்வீகமே தென் அமெரிக்காதான். சந்தையில ஒரே கடையில வாங்கு, 'கசெரித்தா', அதாவது வாடிக்கைக்காரம்மான்னு கூப்பிட்டுப் பழகிடுவாங்க.

குளிர் உனக்குப் பழக்கம்தான், ஆனா ஏற்காடு 1,500 மீட்டர், அது 2,500க்கு மேல. சோறு வேக நேரமாகும், குக்கர் கொண்டு போ. ஜூன், ஜூலைதான் அங்க குளிர்காலம்.

நாகர்கோவில் ஃபாதர்:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். சேலம் பக்கம் ர, ற ரெண்டும் ஒண்ணாப் போயிடுச்சு, எங்க ஊர்ல இன்னும் பிரிச்சுச் சொல்றவங்க உண்டு. ஸ்பானிஷ்ல அது முக்கியம். 'பெரோ'ன்னா ஆனால், 'பெறோ'ன்னா நாய். சொல்லோட முதல்ல வந்தாலும் ற-தான். நாக்கு நுனியை நல்லா உருட்டுங்க சிஸ்டர். வயசைப் பத்தி யோசிக்காதீங்க. தத்துவ போதகர்னு நாம சொல்ற தெ நோபிலி பாதிரியார் இத்தாலியிலிருந்து வந்து, தமிழ் படிச்சு, 1623ல நம்ம சேலத்துக்கே வந்தவர். அப்ப அவருக்கு நாற்பதுக்கு மேல.

ரயிலடி குமார்:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துடாதீங்க. பயணத்துக்குக் குறைஞ்சது பத்து நாள் முன்னாடி போட்டிருக்கணும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுவாங்க. அந்த அட்டை இல்லாம திரும்பி வந்தா இங்க விமான நிலையத்துல தனியா வச்சிடுவாங்க. அங்க கோக்கா இலை டீ சாதாரணம், ஆனா அந்த இலையை ஊருக்குக் கொண்டு வராதீங்க, இங்க குற்றம்.

காப்பிக்காடு:
அக்கா, படிச்சிட்டு அழுதுட்டேன். நேத்து ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படியில உட்கார்ந்திருந்த அம்மாகிட்ட 'தோந்தே லே துவேலே'ன்னு கேட்டேன். என்னடி கேட்கறேன்னாங்க. உங்களுக்கு எங்கம்மா வலிக்குதுன்னேன். முழங்காலைத் தடவிக் காட்டினாங்க. அதுக்கு என்ன சொல், ஆணா பெண்ணாக்கா?

அம்மாபேட்டை அக்கா:
லா றோதில்யா. பெண்பால். ஃபாதர் சொன்ன ற போடு. அம்மாவுக்கு ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா வலி?