அறுபது மாதம் கட்டினால் போதுமா?

கறார்க்காரன்:
நேற்று இங்கே ஒரு மகானுபாவர் உபதேசம் செய்திருக்கிறார். "மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் எதையும் புரொபோசல் ஃபாரத்தில், அதாவது விண்ணப்பத்தில், எழுதாதீர்கள். எழுதினால் பிரீமியத்தை ஏற்றுவான். வாயை மூடிக்கொண்டு 60 மாதம் கட்டுங்கள், அப்புறம் எவனும் கேள்வி கேட்க முடியாது" என்று. அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. ஏன் அய்யா, 60 மாதம் முடியட்டும் என்று மாரடைப்பு வாசலில் காத்திருக்குமா? 30ஆவது மாதம் அட்மிட் ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே "பத்து வருடமாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதுவார். நீங்களே உங்கள் வாயால் டூட்டி டாக்டரிடம் சொல்லியிருப்பீர்கள். கிளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

வில்லங்கம்:
மகானுபாவர் நான்தான், வணக்கம். நான் சொன்னது சட்டம். 8 வருடமாக இருந்த மாரடோரியம் என்கிற அந்தக் கெடுவை, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் 60 மாதமாகக் குறைத்தது. விடாமல் 60 மாதம் கட்டியவரிடம் "நீ அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தாய்" என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. படித்துவிட்டு வாருங்கள்.

கறார்க்காரன்:
படித்துவிட்டுத்தான் வந்தேன். வாக்கியத்தை ஏன் பாதியில் நறுக்கினீர்கள்? "நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர" என்று அதே வரியில் இருக்கிறதே, அதைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டதா?

வில்லங்கம்:
நிரூபிக்க வேண்டியது கம்பெனி. ஒரு மாத்திரையை எழுத விட்டுப்போனால் மோசடியா? 60 மாதம் என்றால் 60 மாதம்.

கறார்க்காரன்:
விட்டுப்போனவர் வேறு, "எழுதாதே" என்று ஊரைக் கூட்டிப் பாடம் நடத்துகிறவர் வேறு. உங்கள் பதிவையே பிரிண்ட் எடுத்து வைத்தால் போதும், கம்பெனி வக்கீலுக்கு வேலை மிச்சம்.

முகவர் தம்பி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முன்பே இருந்த நோய் என்றால் என்ன என்பதை முதலில் பேசுவோம். பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்தது, அல்லது சிகிச்சை சொன்னது, அல்லது சிகிச்சை எடுத்தது. அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48 ஆக இருந்தது. இந்த இரண்டு 36ஐயும் அந்த 60ஐயும் போட்டுக் குழப்பாதீர்கள். அதிகப் பணம் கட்டினால் காத்திருப்பைக் குறைக்கும் பாலிசிகளும் இருக்கின்றன.

வில்லங்கம்:
வந்துவிட்டாரய்யா கமிஷன். அதிகப் பணம் என்றதும் தம்பிக்குக் குரல் கணீரென்று வருகிறது.

முகவர் தம்பி:
கமிஷன் வாங்குவது குற்றமா சார்? போன மாதம் உங்கள் மாமாவுக்கு, பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றும் போர்ட்டபிலிட்டி பற்றி இலவசமாகச் சொன்னபோது இந்த வாய் எங்கே போனது? ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் புதுக் கம்பெனியிலும் கணக்கில் வரும் என்று சொன்னவன் நான்தான்.

பென்ஷன்தாரர்:
நான் நேர்மையாக எல்லாவற்றையும் எழுதினேன். பிபி மாத்திரையின் பெயர், எந்த வருடத்திலிருந்து, எத்தனை மில்லிகிராம், எல்லாம். சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி பார்த்தார்கள், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்த்தார்கள், கடைசியில் ஒற்றை வரியில் நிராகரித்து மெயில். அடுத்த கம்பெனியின் ஏஜென்ட் எல்லாக் கட்டத்திலும் தானே "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு, "கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்றார். கறார் தம்பி இதற்கு என்ன சொல்கிறார்?

கறார்க்காரன்:
கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்கிறேன். பேனா பிடித்தது ஏஜென்ட், மாட்டுவது நீங்கள். உச்ச நீதிமன்றத்தில் சத்வந்த் கவுர் சாந்து வழக்கு, 2009. சர்க்கரையும் அதனால் வந்த சிறுநீரகக் கோளாறும் இருந்ததைச் சொல்லாமல் மெடிக்ளெய்ம் எடுத்தது. பணம் தர மறுத்தது சரிதான் என்று தீர்ப்பு.

வில்லங்கம்:
அந்த வழக்கு நடந்தபோது மாரடோரியமே கிடையாது! பழைய பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். 2021இல் மன்மோகன் நந்தா வழக்கு தெரியுமா? சர்க்கரை உள்ளவர், அமெரிக்கா போன இடத்தில் மாரடைப்பு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைச் சொல்லவில்லை என்று கம்பெனி கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

கறார்க்காரன்:
ஹா! நந்தா சர்க்கரை இருப்பதை ஃபாரத்தில் எழுதியிருந்தார் அய்யா, எழுதியிருந்தார்! தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டுப் பிறகு மறுக்கக் கூடாது என்பதுதான் அங்கே விஷயம். எனக்குச் சாட்சி சொல்ல ஆளை நீங்களே கூட்டி வந்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி.

வில்லங்கம்:
60 மாதம் பற்றிக் கேட்டால் நந்தா பற்றிப் பேசுகிறார்.

கறார்க்காரன்:
60 மாதம் பற்றியே பேசுவோம். போன வருடம் காப்பீட்டுத் தொகையை இரண்டு மடங்காக்கினேன் என்று இங்கேதானே பீற்றிக்கொண்டீர்கள்? கூட்டிய தொகைக்கு அந்த 60 மாதம் கூட்டிய நாளிலிருந்து புதிதாக ஓடும். இதையும் உங்கள் கைதட்டல் கோஷ்டியிடம் சொல்லுங்கள்.

வில்லங்கம்:
கிரெடிட் கார்டு விவாதத்தில் என்னிடம் மூக்குடைபட்டதிலிருந்து இவர் என் பதிவுகளைத் தேடித் தேடிப் படிக்கிறார். நல்ல ரசிகர்.

பென்ஷன்தாரர்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. உண்மை சொன்னவனுக்குப் பாலிசி யார் தருவார்கள்?

முகவர் தம்பி:
சார், உங்கள் மகன் வேலை செய்கிற இடத்து குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா பாருங்கள். பெரும்பாலானவற்றில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. எனக்கு இதில் கமிஷன் இல்லை, வில்லங்கம் சார் குறித்துக்கொள்ளவும்.

வில்லங்கம்:
குறித்துக்கொண்டேன். மகன் வேலையை விட்டால்? தனிப் பாலிசிதான், 60 மாதம்தான்.

புதுமுகம்:
எனக்குத் தைராய்டு, தினமும் ஒரு மாத்திரை. இதையும் எழுத வேண்டுமா?

கறார்க்காரன்:
எழுதுங்கள்.

வில்லங்கம்:
தைராய்டெல்லாம் ஒரு நோயா? பாதி நாடு சாப்பிடுகிறது.

கறார்க்காரன்:
புதுமுகம், இவர் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். வில்லங்கம், "மோசடி தவிர" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. கிரெடிட் கார்டு விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் ஓடினீர்கள்.